உறவுமுறை: தந்தையின் மனைவி

2025 மே 28, புதன்கிழமை காலை பத்து மணிக்கு, உசிலம்பட்டி சந்தைக்குப் பின்தெருவில் உள்ள ஜெயக்கொடியின் வீட்டுக்கு ஒரு காதணி விழாப் பத்திரிகை வந்தது. விழா ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. இடம், மதுரை பழங்காநத்தத்தில் ஒரு மண்டபம். காது குத்தப்படவிருந்த குழந்தையின் பெயர் பா. சூரியபிரகாஷ். குழந்தையின் தகப்பன் ஜெயக்கொடியின் கணவர் பாண்டியராஜன். குழந்தையைப் பெற்றவள் ஜெயக்கொடி அல்ல.

பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தவள் பாண்டியராஜனின் அக்கா அழகம்மாள். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், குங்குமம் என்று முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வாசற்படியைத் தாண்டி வந்து தாம்பாளத்தை நீட்டினாள். ஜெயக்கொடி கை நீட்டவில்லை. முறத்தில் இருந்த உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அழகம்மாளின் கை வலித்திருக்க வேண்டும். மூத்த மகள் தாமரைச்செல்வி உள்ளேயிருந்து வந்து, தாம்பாளத்தை விட்டுவிட்டுப் பத்திரிகையை மட்டும் எடுத்தாள். படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"அம்மா, மாமா பேரு போட்டிருக்கு. போட்டோவும் போட்டிருக்கு."

'தாய்மாமன்' என்ற எழுத்துக்குக் கீழே ஜெயக்கொடியின் அண்ணன் கருத்தக்கண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். தாமரைச்செல்வியின் சடங்கு ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்த படம் அது. வெட்டியவர் அவசரத்தில் பக்கத்தில் நின்ற பெண்ணின் தோள் மாலையில் பாதியை விட்டு வைத்திருந்தார்.

இந்தப் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காராத பிள்ளைக்குக் காது குத்துவதில்லை. மாமன்தான் மாலையும் துணியும் கம்மலும் சீர் கொண்டுவர வேண்டும். சூரியபிரகாஷைப் பெற்ற முத்துமீனாவுக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. அதனால் முதல் மனைவியின் அண்ணன் பெயரைப் போட்டுவிட்டார்கள். அவரைக் கேட்கவில்லை. அச்சாகி வந்த பிறகுதான் சொல்ல வந்திருந்தார்கள்.

"தாய்மாமன் இல்லாத புள்ளைக்கு யாரு மடியிலத்தா காது குத்துறது?" என்றாள் அழகம்மாள். "ஒங்கண்ணன் வந்து ஒக்காந்தா அவனுக்கும் மரியாத, ஒனக்கும் மரியாத."

"பெத்தவளுக்கு அண்ணந்தம்பி இருக்கான்னு தாலி கட்டுறதுக்கு முந்தியே பாத்திருக்கணும் மதினி."

"வகுத்துல ஒண்ணுமில்லாட்டியும் வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல."

சொல்லிவிட்டு அழகம்மாள் தாம்பாளத்தைத் தரையில் வைத்தாள். போகும்போது, பந்தியில் கறிச்சோறு என்றும் பிள்ளைகளைக் கண்டிப்பாகக் கூட்டிவரச் சொல்லியும் போனாள்.

ஜெயக்கொடியின் வயிற்றைப் பற்றி அந்தத் தெரு ஏழு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தது. 2018 ஆகஸ்டில், ஓயாத ரத்தப்போக்குக்குக் காரணமான கட்டியோடு சேர்த்து அவள் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவர் பாண்டியராஜன். தையல் ஆறுவதற்குள் அவருடைய உறவினர்கள் கூடிப் பேசினார்கள். இரண்டும் பெண். இனி பிள்ளை இல்லை. அரசாங்க வேலையில் இருக்கிற மனிதனுக்குக் கொள்ளி வைக்க ஆள் வேண்டாமா என்பதுதான் பேச்சு. மறு வருடம் ஒரு மலையடிவாரக் கோயிலில் பாண்டியராஜன் முத்துமீனாவுக்குத் தாலி கட்டினார். அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேலை. மூத்த மனைவி சம்மதித்துவிட்டதாக முத்துமீனாவின் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த பதினாறு பேரின் செல்போன்களையும் ஒரு துணிப்பையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பழங்காநத்தத்தில் வாடகைக்கு வீடு பிடித்து முத்துமீனாவை வைத்தார் பாண்டியராஜன். சனிக்கிழமைகளில் உசிலம்பட்டிக்கு வந்து போனார். ஆம்பளப் பிள்ளை பிறந்ததும் அழகம்மாள் தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். ஜெயக்கொடி வீட்டுக்கும் ஒரு டப்பா வந்தது. அது 2020 நவம்பர் 23. அந்தத் தேதியை ஜெயக்கொடி மறக்கவில்லை.

2021இல் அவள் கணவரின் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினாள். மனைவி இருக்கும்போதே இன்னொரு திருமணம் செய்யும் அரசு ஊழியருக்கு வேலை தங்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். விசாரணைக்கு அழைத்தார்கள். திருமணப் புகைப்படம் இருக்கிறதா, பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டார்கள். எதுவும் இல்லை. பழங்காநத்தத்தில் இருக்கும் பெண் தூரத்து உறவு என்று பாண்டியராஜன் எழுதிக் கொடுத்தார். தகுந்த ஆதாரம் இல்லாததால் மனு முடித்துவைக்கப்படுவதாக ஒரு கடிதம் வந்தது. அந்தச் சனிக்கிழமை பாண்டியராஜன் வந்து, கோழி அடிக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும் என்று சொல்லிப் போனார்.

அதிலிருந்து நான்கு வருடமாக ஜெயக்கொடிக்கு ஒரே ஒரு பொருள்தான் வேண்டியிருந்தது. தன் கணவருக்கு இன்னொரு மனைவி உண்டு என்று அரசாங்க முத்திரையோடு சொல்லும் ஒரு காகிதம். ஜீவனாம்சம் வேண்டும் என்றோ அவர் திரும்பி வர வேண்டும் என்றோ அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய நாற்காலி போக வேண்டும். அவ்வளவுதான்.

பத்திரிகையில் தாயின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் குழந்தையின் பெயரைப் பார்த்ததும் தாமரைச்செல்விக்குத்தான் யோசனை வந்தது. கல்லூரி இரண்டாம் ஆண்டு முடித்திருந்தாள். பிறந்த தேதியும் பெயரும் தெரிந்தால் பிறப்புச் சான்றிதழின் நகல் கேட்கலாம் என்றாள். அதில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் அம்மா பெயர் இருக்கும். பாண்டியராஜன் பெயருக்குப் பக்கத்தில் முத்துமீனா பெயர் இருக்கும். அதைவிட வேறு ஆதாரம் என்ன வேண்டும்?

ஜூன் 2, திங்கட்கிழமை தாயும் மகளும் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பள்ளிக்கூடம் திறந்த நாள் என்பதால் நல்ல கூட்டம். ஜன்னலுக்குப் பின்னால் ஷாஹீதா என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தாள். கோரிப்பாளையத்துக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லக்கூடியவள்.

ஜெயக்கொடியின் விண்ணப்பத்தில் ஓரிடத்தில் ஷாஹீதாவின் பேனா நின்றது. 'குழந்தைக்கு விண்ணப்பதாரர் என்ன உறவு' என்ற இடத்தில் 'தந்தையின் மனைவி' என்று எழுதியிருந்தது.

"அப்பாவோட மனைவின்னா அம்மாதானக்கா?"

"அம்மா இல்ல. அப்பாவோட சம்சாரம்."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். ஷாஹீதா சிரிக்கவில்லை. ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு தேதியையும் தகப்பன் பெயரையும் கணினியில் தட்டினாள். திரையைப் பார்த்தாள். ஆதாரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"நீங்கதானக்கா ஜெயக்கொடி? இதுலயும் அம்மா பேரு அதான இருக்கு. எதுக்குக்கா இம்புட்டு சுத்தி எழுதுறீங்க?"

தானே சிவப்பு மையில் 'தந்தையின் மனைவி' என்பதை அடித்துவிட்டு 'தாய்' என்று எழுதினாள். நகல் பத்து நிமிடத்தில் கைக்கு வந்தது. தாய்க்குக் கொடுப்பதில் என்ன தாமதம்?

குழந்தையின் பெயர், சூரியபிரகாஷ். பாலினம், ஆண். தந்தையின் பெயர், பாண்டியராஜன். தாயின் பெயர், ஜெயக்கொடி. நிரந்தர முகவரி, உசிலம்பட்டி.

வெளியே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து தாமரைச்செல்வி அதை மூன்று முறை வாசித்தாள். ஜெயக்கொடிக்கு ஒரு முறையே போதுமாக இருந்தது. 2020 செப்டம்பரில் ரேஷன் கார்டில் ஏதோ திருத்தம் என்று சொல்லி அழகம்மாள் அவளுடைய ஆதார் அட்டையை வாங்கிப் போயிருந்தாள். கார்த்திகை முடிந்துதான் திருப்பிக் கொடுத்தாள். அந்த அட்டையைக் காட்டி, அந்தப் பெயரிலேயே முத்துமீனாவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறார்கள். அரசாங்கக் காகிதம் எதிலும் பாண்டியராஜனுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்ணின் பெயர் வந்துவிடக்கூடாது. மகன் சட்டப்படியான மனைவியின் மகனாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துச் செய்த ஏற்பாடு அது. தாய்மாமனாகக் கருத்தக்கண்ணனை அச்சடித்ததும் அந்தக் கணக்கில்தான். விழாவுக்கு அலுவலகத்தார் வருவார்கள்.

"இப்ப அப்பா எழுதிக் குடுத்ததுதாம்மா நெசம்னு ஆகிப்போச்சு," என்றாள் மகள். "நம்மளே காசு கட்டி வாங்கியிருக்கோம்."

ஜெயக்கொடி எழுந்து மறுபடி ஜன்னலுக்குப் போனாள். மதிய இடைவேளைக்கு ஷாஹீதா டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள். தாய் பெயர் தவறாக இருந்தால் மாற்ற முடியுமா என்று ஜெயக்கொடி கேட்டாள். எழுத்துப்பிழை என்றால் இங்கேயே செய்யலாம், ஆளே வேறு என்றால் லேசில் முடியாது என்றாள் ஷாஹீதா. ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியைச் சொன்னாள்.

"பெத்தவங்க வந்து பத்திரத்துல எழுதித் தரணும்க்கா. யாரு ஆஸ்பத்திரில சேத்தது, எதுக்கு இன்னொருத்தங்க பேருல சேத்தது, எல்லாத்தையும். நீங்களும் நான் பெக்கலைன்னு எழுதணும். பெறகு விசாரணைக்குப் போகும்."

"நான் மட்டும் எழுதிக் குடுத்தா?"

"அப்ப பெத்தது யாருன்னு கேப்பாங்கள்ல? அதுக்கு ஒரு ஆளு வந்து நிக்கணும்."

சனிக்கிழமை பாண்டியராஜன் வந்தார். அண்ணனிடம் பேசிவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். ஜெயக்கொடி காப்பி டம்ளரை வைத்து, பக்கத்தில் சான்றிதழை வைத்தாள். அவர் அதிரவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு, அலுவலகத்தில் கோப்பு பார்ப்பது போல முழுவதும் படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பாத்துட்டியா? நல்லதாப் போச்சு. பேப்பர்ல அவன் ஒம்புள்ள. ரெண்டும் பொட்டையாப் பெத்தவளுக்கும் கொள்ளி வைக்க ஒருத்தன எழுதி வச்சிருக்கேன். எவன் செய்வான்?"

கர்ப்பப்பையை எடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டு பீரோவில் இருக்கிறது என்றாள் ஜெயக்கொடி. இரண்டாயிரத்துப் பதினெட்டில் எடுத்தவள் இரண்டாயிரத்து இருபதில் எப்படிப் பெற்றாள் என்று கேட்டாள்.

பாண்டியராஜன் இருபத்திரண்டு வருடமாகக் கோப்புகளோடு வாழ்பவர். அதற்கும் பதில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்காரன் பெயரை மாற்றிப் போட்டுவிட்டான், கவனிக்காமல் விட்டுவிட்டோம், அந்தத் தூரத்து உறவுப் பெண்ணுக்குப் புருஷன் ஓடிப்போய்விட்டான், ஆதரவில்லாத பிள்ளையை நாங்கள் வளர்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது.

"எம்மேல சொல்லணும்னா அவதான் சொல்லணும். போய்க் கேட்டுப் பாரு. எஞ்சோத்தத் தின்னுட்டு எனக்கெதிரா எழுதுவாளான்னு."

ஜெயக்கொடி சான்றிதழை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பிறகு, அண்ணன் வருவார் என்றாள். சீரும் வரும், தானும் வருவேன் என்றாள். பாண்டியராஜன் டம்ளரைக் கீழே வைத்து அவளைப் பார்த்தார். ஏழு வருடத்தில் முதல்முறையாக அவளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அன்று மாலையே அக்காவுக்குப் போன் செய்து சொன்னார்.

கருத்தக்கண்ணன் ஆட்டு வியாபாரி. கோபம் வந்தால் கையில் இருப்பதைத் தூக்கி எறிபவர். சீர் கொண்டுபோக வேண்டும் என்று தங்கை சொன்னதும், மண்டபத்தில் வைத்தே மாப்ளையின் காலை ஒடிப்பதாகச் சொன்னார்.

"கால ஒடிச்சா ஆறு மாசத்துல நடந்துருவாருண்ணே. நீ வந்து புள்ளைய மடியில வச்சுக்க. அது போதும்."

திங்கட்கிழமை ஜெயக்கொடி சந்தைக்கு எதிரே இருக்கும் இ-சேவை மையத்துக்குத் தனியாகப் போனாள். தாமரைச்செல்வி வர மறுத்துவிட்டாள். பிறப்புச் சான்றிதழைக் காட்டி, தன் ரேஷன் கார்டில் புது உறுப்பினர் சேர்க்க விண்ணப்பித்தாள். பெயர், சூரியபிரகாஷ். குடும்பத் தலைவிக்கு உறவு, மகன். ஐந்து வயதுக்குக் கீழே என்பதால் பிறப்புச் சான்றிதழே போதும் என்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்து ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் எல்.கே.ஜி. விண்ணப்பம் வாங்கி, தாயின் பெயர், தாயின் கையொப்பம் என்ற இரண்டு இடத்தையும் நிரப்பினாள்.

"அந்தப் பொண்ணு நமக்கு என்னம்மா செஞ்சுச்சு?" என்று அன்று இரவு மகள் கேட்டாள்.

"நான் யாருக்கு என்ன செஞ்சேன்?" என்றாள் தாய்.

ஜூன் 10, செவ்வாய்க்கிழமை, பாண்டியராஜன் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து ஜெயக்கொடி பழங்காநத்தம் போனாள். ஒரு மாவு மில்லின் மாடியில் வீடு. முத்துமீனா கதவைத் திறந்து, ஆள் யாரென்று புரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். உள்ளே வாங்கக்கா என்றாள். கையில் சாதக் கிண்ணம் இருந்தது. பையன் டி.வி.க்கு முன்னால் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். பாண்டியராஜனின் காதும் நெற்றியும் அப்படியே இருந்தன.

ஜெயக்கொடி உட்காரவில்லை. சான்றிதழின் நகலையும் ரேஷன் விண்ணப்பத்தையும் பள்ளிக்கூட விண்ணப்பத்தையும் வரிசையாகக் கட்டில் மேல் வைத்தாள். முத்துமீனா பத்தாவது வரை படித்தவள். சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது என்று கணவர் சொன்னதை நம்பியிருந்தாளே தவிர, அதைக் கண்ணால் பார்த்ததில்லை. முதல் தாளைப் படித்ததும் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டாள்.

"இன்சூரன்சுக்குன்னுதான் சொன்னாகக்கா. மூணு நாளு என்னைய ஜெயக்கொடி ஜெயக்கொடின்னுதான் கூப்ட்டாக. திரும்பிப் பாக்க மறந்தா நர்சம்மா வையும். வீட்டுக்கு வந்ததோட அது முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

ஜெயக்கொடி இதை எதிர்பார்க்காமல் இல்லை. ஆனாலும் அந்த மூன்று நாளை நினைக்க அவள் இடம் கொடுக்கவில்லை. இந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து தன் பிள்ளைகள் அவரை முகம் பார்த்து அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டதை நினைத்தாள். சொல்ல வந்ததைச் சொன்னாள்.

"சர்க்காரு கணக்குல இவன் எம்புள்ள. நாளைக்கு நான் போலீசோட வந்து கேட்டா நீ குடுக்கணும். நீ யாருன்னு கேட்டா ஒன்னால ஒரு பேப்பரு காட்ட முடியாது."

முத்துமீனா பையனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அவன் டி.வி. தெரியாமல் திமிறினான்.

வேண்டியது என்ன என்பதையும் ஜெயக்கொடி சொன்னாள். காதுகுத்து முடிந்த மறுநாள், திங்கட்கிழமை பத்து மணிக்கு மண்டல அலுவலகத்தில் இருப்பேன். வந்து, நான்தான் பெற்றேன், இன்னார் எனக்குத் தாலி கட்டினார், இன்னார்தான் இந்தப் பெயரில் சேர்த்தார் என்று எழுதிக் கொடு. நானும், இவன் நான் பெற்ற பிள்ளை இல்லை என்று எழுதித் தருகிறேன். வரவில்லையென்றால் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேன்.

"அவுக வேல போயிருமேக்கா. நாங்க எதத் தின்றது?"

"அத அவரக் கேளு."

முத்துமீனா பையனை இறக்கிவிட்டாள். மூன்று தாள்களையும் எடுத்து ஜெயக்கொடியின் கையில் திணித்துக் கதவைச் சாத்தினாள்.

ஜூன் 15 அன்று சீர் வந்தது. கருத்தக்கண்ணன் பதினொரு தட்டு கொண்டுவந்தார். மேளம் வைத்திருந்தார். மாமன் வரும்போது வெடி போடுவது வழக்கம், அதையும் விடவில்லை. வாசலில் நின்ற அழகம்மாள், வழிக்கு வந்துட்டா என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது ஜெயக்கொடியின் காதில் விழுந்தது. அவள் பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

அலுவலகத்திலிருந்து பதினாலு பேர் வந்திருந்தார்கள். கண்காணிப்பாளர் முன்வரிசையில் இருந்தார். முத்துமீனாவைப் பந்தி நடக்கும் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவியதும் அவள்தான். புதுச்சட்டை மாட்டியதும் அவள்தான். மேடையேற்றும்போது பிள்ளையை அழகம்மாள் வாங்கிக்கொண்டாள். போட்டோக்காரர், அம்மா வாங்க, அப்பா வாங்க என்று கூப்பிட்டார். ஜெயக்கொடி படியேறிப் போய்ப் பாண்டியராஜன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவங்கதான் வீட்டுல மேடமா?" என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

"ஆமா சார்," என்றார் பாண்டியராஜன்.

கருத்தக்கண்ணன் மடியில் பிள்ளை உட்கார்ந்தான். ஆசாரி வலது காதைக் குத்தும்போது திகைத்தவன், இடது காதைக் குத்தும்போது வீறிட்டான். அம்மா என்று கத்திக்கொண்டு பந்திக் கதவைப் பார்த்துக் கையை நீட்டினான். முத்துமீனா கையில் இருந்த கறிக்குழம்பு வாளியை வைத்துவிட்டு மேடைக்கு ஓடி வந்தாள். அவள் படியேறுவதற்குள் ஜெயக்கொடி பிள்ளையை எடுத்துத் தன் மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள். பிள்ளை அவள் நெஞ்சில் குத்தினான், கழுத்தைப் பிறாண்டினான். அவள் கையைத் தளர்த்தவில்லை.

"ஏன்டி, எம்புள்ள அழுதா நான் பாக்க மாட்டனா?" என்றாள், முன்வரிசைக்குக் கேட்கும்படி. "நீ போயி பந்தியக் கவனி."

முத்துமீனா நீட்டிய கையோடு நின்றாள். அவள் ஜெயக்கொடியைப் பார்க்கவில்லை. பாண்டியராஜனைப் பார்த்தாள். பாண்டியராஜன் கண்காணிப்பாளர் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"சொல்றாள்ல, போ."

அவள் போனாள். தாமரைச்செல்வி சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போகும் பஸ்ஸில் அவள் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு ஜெயக்கொடி மண்டல அலுவலகத்துச் சிமென்ட் பெஞ்சில் இருந்தாள். பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. பதினொன்றேகாலுக்கு முத்துமீனா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நுழைந்தாள். பையனின் காதுகளில் மஞ்சள் அப்பியிருந்தது. அவள் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

ஷாஹீதா இரண்டு பேரையும் ஒருசேரப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். பொய்யான பெயரில் சேர்ந்தது தெரிந்தே செய்தது என்று எழுதினால் எழுதுகிறவள் மேலும் வழக்கு வரலாம் என்று முத்துமீனாவிடம் இரண்டு முறை சொன்னாள். வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்கு வா என்றாள்.

"எம்பேர எழுதுங்க மேடம்," என்றாள் முத்துமீனா. "ஜெயில்ல போட்டாலும் எம்பேருலயே போடட்டும்."

எதிர்க்கடையில் முத்திரைத்தாள் வாங்கினார்கள். நோட்டரி வக்கீல் சொல்லச் சொல்ல ஒரு பெண் தட்டச்சு செய்தாள். எந்தக் கோயில், எந்தத் தேதி, யார் தாலி எடுத்துக் கொடுத்தது, யார் ஆதார் அட்டையைக் கொண்டுவந்தது, பிரசவ அறையில் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எல்லாம் வந்தது. மொத்தம் மூன்று பக்கம். முத்துமீனா ஒவ்வொரு பக்கத்திலும் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். ஜெயக்கொடி தன்னுடையதில் கையெழுத்திட்டு, 2018ஆம் வருட ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை இணைத்தாள். ரேஷன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தையும் அங்கேயே எழுதி, ஒரு பிரதியை முத்துமீனாவிடம் கொடுத்தாள். முத்துமீனா அதை வாங்கிப் படித்துப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஜூன் 18 அன்று இரண்டு பத்திரங்களின் நகல்களும் காதணி விழாப் பத்திரிகையும் ஜெயக்கொடியின் புது மனுவோடு பாண்டியராஜனின் அலுவலகத்துக்குப் போயின. கண்காணிப்பாளரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். மேடையில் மனைவி என்று தனக்கு அறிமுகம் செய்யப்பட்டவர் யார், பிள்ளை யாரைப் பார்த்துக் கை நீட்டியது என்று அவர் எழுதிக் கொடுத்தார். பாண்டியராஜனின் பணிப்பதிவேட்டில் சூரியபிரகாஷ் ஜெயக்கொடியின் மகனாகக் குறிக்கப்பட்டிருந்தான். 2018இல் ஜெயக்கொடியின் அறுவைச் சிகிச்சைக்காக அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பமும் அதே அலுவலகத்தில் இருந்தது.

முத்துமீனா ஜவுளிக்கடை வேலைக்குத் திரும்பினாள். தாயின் பெயரைத் திருத்தக் கோரிய விண்ணப்பம் விசாரணையில் இருக்கிறது. அதுவரை சான்றிதழில் ஜெயக்கொடி என்றே இருக்கும்.

ஜூலை 30 அன்று பாண்டியராஜன் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஆணை, அவர் அலுவலகத்தில் கொடுத்திருந்த நிரந்தர முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டது. அது உசிலம்பட்டி முகவரி. பெறுபவர் வீட்டில் இல்லாததால் மனைவி கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாள்.